ஃப்ளை தூண்டில் முடிச்சுகள்: ரீல் முதல் முள் வரை, காவிரிப் படுகைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெரிய மீன் ஒன்று அறுத்துக்கொண்டு போய்விட்டால், அவசரமாக அடுத்த முள்ளைக் கட்டாதீர்கள். கையில் மிஞ்சிய நரம்பின் நுனியை முதலில் பாருங்கள். நுனி சுருள்சுருளாக இருந்தால் முடிச்சு நழுவி உருவிக்கொண்டிருக்கிறது. பிளேடால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் மீனின் பல்லோ செவுள் மூடியின் விளிம்போ பட்டிருக்கிறது. சொரசொரவென்று பிசிறடித்திருந்தால் கருங்கல்லிலோ மதகுச் சுவரிலோ உரசியிருக்கிறது. சுருளாமல், முடிச்சு இருந்த இடத்திலேயே பட்டென்று அறுந்திருந்தால், முடிச்சை இறுக்கும்போதே நரம்பு கெட்டுப்போயிருக்கக்கூடும். முதலாவதும் கடைசியும் நம் கையால் நடப்பவை. அவற்றைத் தடுப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முடிச்சுப் புத்தகங்களைத் திறந்தால் நூறு முடிச்சு இருக்கும். அத்தனையும் தேவையில்லை. ஏழெட்டு முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்தால் போதும். அதைவிட முக்கியம், எந்த முடிச்சாக இருந்தாலும் அதைச் சரியாக இறுக்கத் தெரிய வேண்டும்.

ஏன் இத்தனை இணைப்பு?

நம் ஊர் மூங்கில் கழித் தூண்டிலில் நரம்பு, தக்கை, ஈயம், முள், அவ்வளவுதான். எறியும்போது ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை தூண்டிலில் இரை என்பது முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிய ஒரு பூச்சி வடிவம். அதற்குக் கனமே கிடையாது. அதனால் கனத்தை லைனிலேயே வைத்திருக்கிறார்கள். தடித்த, வழுவழுப்பான ஃப்ளை லைன்தான் காற்றில் விரிந்து பறக்கிறது. பூச்சி அதன் பின்னால் போகிறது.

ஆக, ரீலிலிருந்து வரிசையாக இப்படி வரும்: அடியில் பேக்கிங் என்ற மெல்லிய பின்னல் நூல், அடுத்து ஃப்ளை லைன், அதன் முனையில் தடிமனிலிருந்து மெலிந்துகொண்டே போகும் லீடர், அதற்கு அடுத்து டிப்பெட் என்ற மெல்லிய கடைசித் துண்டு, கடைசியில் ஃப்ளை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. இவற்றில் பலவீனமான ஒன்று எவ்வளவு தாங்குமோ, மொத்தத் தூண்டிலும் அவ்வளவுதான் தாங்கும்.

டெல்டாவில் ஃப்ளைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக இருக்கிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று தண்ணீர் பிரிகிறது. கீழே போகப் போக அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு என்று கிளைத்துக்கொண்டே போகிறது. வாய்க்கால்களில் ஜிலேபியும் கெண்டையும் சின்ன ஃப்ளையை எடுக்கும். ஆகாயத்தாமரை படர்ந்த குளங்களில் விரால். கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் உப்பங்கழிகளில் கொடுவா. ஜிலேபிக்குப் போடும் அதே முடிச்சைக் கொடுவாவுக்கும் போட்டால் மீன் தங்காது. முடிச்சைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த மீன், எந்தத் தண்ணீர் என்ற கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள். புதுத் தண்ணீர் வந்து சேரும் முதல் நாட்களில் ஆறு கலங்கலாக ஓடும். மீனுக்கு ஃப்ளை கண்ணில் படாது. முடிச்சுப் பழக அந்த நாட்கள் நல்ல நேரம்.

எதைக் கொண்டு பழகுவது

மெல்லிய நரம்பில் நேரடியாகப் பழக ஆரம்பித்தால் எது எங்கே போகிறது என்றே தெரியாது. இரண்டு நிறத்தில் தடித்த நைலான் கயிறு ஒவ்வொரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முள்ளுக்குப் பதில் ஒரு சாவி வளையம். கயிற்றில் வடிவம் பிடிபட்ட பிறகு 0.40 மில்லிமீட்டர் தங்கூசிக்கு (நைலான் நரம்பு) மாறுங்கள், அப்புறம் 0.20. கூடவே ஒரு நகவெட்டி, ஒரு சின்னக் குறடு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ரீஃபில் ஒன்று. ரீஃபில் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கீழே 'நுனி' என்றால் நாம் கையில் வைத்துச் சுற்றும் முனை. 'தாய் நரம்பு' என்றால் ரீல் பக்கம் போகும் நீளம். முள்ளின் ஓட்டையை, ஊசிக்குச் சொல்வதுபோலவே, 'காது' என்கிறேன்.

இறுக்குவது எப்படி

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சம்மதம்.

நைலான் நரம்பு தன்மேலேயே உரசி இறுகும்போது சூடாகிறது. அந்தச் சூட்டில் நரம்பின் மேற்பரப்பு பாழாகி, முடிச்சுக்குப் பக்கத்திலேயே பலம் குறைந்துவிடும். கண்ணுக்குச் சில நேரம் தெரியவும் செய்யும்: முடிச்சுக்கு மேலே நரம்பு வெளுத்து நெளிந்திருக்கும். அப்படி இருந்தால் யோசிக்காமல் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். இதைத் தவிர்க்க, இறுக்குவதற்கு முன் முடிச்சை நனைக்க வேண்டும். பூக்காரம்மா வாழைநாரை நனைத்துக்கொண்டு கட்டுவதுபோல, நனைப்பது உங்களுக்கும் கைப்பழக்கமாகிவிட வேண்டும். எச்சில் போதும். கலங்கல் வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். அதிலிருக்கும் பொடி மணல் முடிச்சுக்குள் போய் உரசும்.

அடுத்தது வேகம். வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதலில் லேசாக இழுத்துச் சுற்றுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்குங்கள். எந்தச் சுற்றும் இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. அடுக்கு சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, சீரான ஒரே இழுப்பில் கடைசிவரை இறுக்குங்கள். பாதி இறுகிய முடிச்சுதான் ஆபத்து. மீன் பாயும்போது மிச்சத்தை அது இறுக்கும், அப்போது நனைக்க ஆள் இருக்காது.

கடைசியாக, இழுத்துப் பார்ப்பது. முள்ளைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, நரம்பைக் கையில் துணி சுற்றிப் பிடித்து நன்றாக இழுங்கள். அறுந்தால் கரையிலேயே அறுந்தது, லாபம். முள்ளை வெறும் விரலில் பிடித்துக்கொண்டு இந்தச் சோதனை செய்யவே கூடாது.

ஃப்ளூரோகார்பன் நரம்பு நைலானைவிட விறைப்பானது, தண்ணீரில் மூழ்கக்கூடியது. அது இந்த விஷயங்களில் இன்னும் கறார். நனைப்பதிலும் நிதானத்திலும் அதற்கு இரட்டிப்புக் கவனம் கொடுங்கள்.

ரீலும் பேக்கிங்கும்

ரீலில் பேக்கிங்கைக் கட்டுவது எளிது. இதற்கு ஆர்பர் நாட் என்று பெயர். பேக்கிங் நுனியை ரீலின் அச்சைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். அந்த நுனியால் தாய் நூலைச் சுற்றி ஒரு சாதாரண ஒற்றை முடிச்சு. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, நுனியிலேயே இன்னொரு ஒற்றை முடிச்சு. இப்போது தாய் நூலை இழுத்தால் முதல் முடிச்சு வழுக்கிக்கொண்டு போய் அச்சில் உட்காரும். இரண்டாவது அதன்மேல் வந்து முட்டி நிற்கும். மீன் இந்த இடம்வரை இழுத்துவிட்டால் வேறு பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம், எனவே இதற்கு மேல் இதில் மெனக்கெட வேண்டாம்.

பேக்கிங்கை ஃப்ளை லைனோடு சேர்க்க ஆல்பிரைட் முடிச்சு. லைனின் பின்முனையை மடித்து ஒரு கொண்டை செய்யுங்கள். பேக்கிங் நுனியைக் கொண்டைக்குள் விட்டு, ஒரு சாண் வெளியே எடுத்து, கொண்டையின் இரண்டு இழையையும் பேக்கிங்கின் தாய் நூலையும் சேர்த்து, கொண்டையின் வளைவை நோக்கிப் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். நுனி முதலில் நுழைந்த அதே பக்கத்தின் வழியாகக் கொண்டைக்குள் வெளியே வர வேண்டும். இதில் பக்கம் மாறினால் முடிச்சு உட்காராது. மெதுவாக இறுக்கி, இரண்டு நுனியையும் ஒட்ட வெட்டுங்கள். இப்போது வரும் பல ஃப்ளை லைன்களில் முனையிலேயே வளையம் ஒட்டி வருகிறது. அப்படி இருந்தால் பேக்கிங்கில் ஒரு பெரிய வளையம் போட்டுக் கோத்துவிடலாம்.

ரீஃபிலின் வேலை: நெயில் நாட்

ஃப்ளை லைனின் முன்முனையில் வளையம் இல்லாவிட்டால், அல்லது பழைய வளையம் வெடித்துப்போயிருந்தால், லீடரின் தடித்த முனையை நெயில் நாட் கொண்டு கட்ட வேண்டும். ஆணியை வைத்துக் கட்டியதால் அந்தப் பெயர். ஆணியைவிட உள்ளே துளை இருக்கும் குழாய் வசதி, அதற்குத்தான் ரீஃபில். முள்முனையைக் கழற்றி, மையைக் கழுவி, நான்கு விரற்கடை நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

1. ஃப்ளை லைனை இடது கையில் பிடியுங்கள்; அதன் முனை வலப்புறம் பார்க்கட்டும். அதை ஒட்டி ரீஃபில் துண்டை வையுங்கள்.
2. லீடர் வலப்புறமிருந்து வரட்டும், அதன் நுனி இடப்புறம் பார்க்கட்டும். நுனியில் ஒரு சாணுக்குக் குறையாமல் மிச்சம் விடுங்கள். மூன்றையும் சேர்த்து இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள்.
3. லீடர் நுனியைத் திருப்பி, லைன், ரீஃபில், லீடர் மூன்றையும் சேர்த்து, இடமிருந்து வலமாக ஐந்தாறு சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள்.
4. நுனியை ரீஃபிலின் வலது வாயில் நுழைத்து இடது வாய் வழியாக வெளியே எடுங்கள். சுற்றுகளுக்கு அடியில் நுனி போய்விட்டது.
5. சுற்றுகளை விரலால் விடாமல் பிடித்துக்கொண்டே நுனியையும் லீடரையும் இரு பக்கமும் லேசாக இழுங்கள். ரீஃபிலை இடப்புறமாக உருவுங்கள். மறுபடி லேசாக இழுத்து, சுற்றுகளை நகத்தால் நெருக்குங்கள்.
6. நனைத்து, குறட்டால் நுனியைப் பிடித்து முழுவதுமாக இறுக்குங்கள். சுற்றுகள் லைனின் பிளாஸ்டிக் உறையில் லேசாகப் பதிய வேண்டும். ஒட்ட வெட்டுங்கள்.

ஐந்தாவது படியில்தான் எல்லோருக்கும் கலைந்துபோகும். இடது கட்டைவிரலை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காமல் இருப்பதே அதற்கு வழி.

வளையத்தில் வளையம்

லைனில் வளையம் இருந்தால் லீடரின் தடித்த முனையிலும் ஒரு வளையம் போட்டு இரண்டையும் கோக்கலாம். லீடரை மாற்றுவது அரை நிமிட வேலையாகிவிடும். இந்த வளையத்துக்குப் பெர்ஃபெக்ஷன் லூப்தான் என் தேர்வு. வளையம் நரம்புக்கு நேர்கோட்டில் நிற்கும், கோணாது.

நுனி மேல்நோக்கி ஒரு சாண் இருக்கும்படி நரம்பை இடது கையில் பிடியுங்கள். நுனியைத் தாய் நரம்புக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு வளையம் செய்து பிடித்துக்கொள்ளுங்கள். இது பெரியது. நுனியை முன்பக்கம் கொண்டுவந்து, பெரிய வளையத்தின் முன்னால் ஒரு சின்ன வளையம் அமையும்படி சுற்றிப் பின்னால் விடுங்கள். மூன்றாவது முறை நுனியை இரண்டு வளையங்களுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிடியுங்கள். இப்போது முன்னால் இருக்கும் சின்ன வளையத்தைப் பெரிய வளையத்துக்குள் விட்டுப் பின்பக்கம் இழுங்கள். நனைத்து இறுக்கினால் நுனி பக்கவாட்டில் செங்குத்தாக நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

கோக்கும்போது, லீடரின் வளையத்தை லைனின் வளையத்தின்மேல் மாட்டி, லீடரின் மறுமுனையை லைனின் வளையத்துக்குள் விட்டு முழு நீளத்தையும் இழுங்கள். இரண்டு வளையமும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்ததுபோல் சமச்சீராக நிற்க வேண்டும். ஒன்று மட்டும் பின்னால் மடங்கி மற்றதன் கழுத்தை நெரித்தால் அது தவறு. தளர்த்தி, விரலால் சரிசெய்து, மறுபடி இழுங்கள். நெரித்த நிலையில் நைலான் லைனின் உறையை அறுத்துவிடும்.

லீடரை நாமே கட்டுவது

கடையில் கிடைக்கும் மெலிந்துபோகும் லீடர் ஒன்பது அடி, அதாவது சுமார் 2.7 மீட்டர். நம் பக்கத்து மீன்பிடிச் சாமான் கடைகளில் அது எப்போதும் இருக்காது. தங்கூசி எல்லா அளவிலும் இருக்கும். அதிலேயே லீடர் கட்டிக்கொள்ளலாம். பழைய கணக்கு ஒன்று உண்டு: மொத்த நீளத்தில் 60 சதவீதம் தடித்தது, 20 சதவீதம் நடுத்தரம், 20 சதவீதம் மெல்லியது. இரண்டரை மீட்டர் லீடருக்கு 0.50 மில்லிமீட்டர் தங்கூசி ஒன்றரை மீட்டர், 0.40 அரை மீட்டர், 0.30 அரை மீட்டர். வாய்க்கால் ஜிலேபிக்கு இதற்கு அடுத்து 0.20 டிப்பெட் ஒரு முழம். விரால் குளத்துக்கு மெல்லியதே வேண்டாம், 0.50-ம் 0.40-ம் சேர்த்து இரண்டு மீட்டர் போதும். தாமரைத் தண்டுக்குள் ஓடும் மீனை நிறுத்தி இழுக்கப் பலம்தான் தேவை.

தடித்த துண்டுகளை இணைக்க பிளட் நாட். தடிமன் வித்தியாசம் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது இது அழகாக உட்காரும், கழியின் வளையங்களில் தடுக்காமல் போகும். இரண்டு நுனியையும் எதிரெதிராக ஒரு சாண் படியவிடுங்கள். ஒரு நுனியை மற்ற நரம்பின்மேல் நான்கைந்து முறை சுற்றி நடுவுக்குக் கொண்டுவந்து இரண்டு நரம்புக்கும் இடையே விடுங்கள். அடுத்த நுனியை எதிர்ப்பக்கத்தில் அதேபோல் சுற்றி, அதே நடு இடைவெளியில் எதிர்த்திசையிலிருந்து விடுங்கள். ஒரு நுனி மேலே, ஒரு நுனி கீழே. நனைத்து, இரண்டு தாய் நரம்பையும் இழுங்கள்.

டிப்பெட்டுக்கு சர்ஜன்ஸ் நாட். மாலை வெளிச்சம் போகும் நேரத்திலும், கை ஈரமாக இருக்கும்போதும் போடக்கூடியது இதுதான். தடிமன் வித்தியாசம் அதிகமாக இருந்தாலும் தாங்கும். லீடர் முனையையும் டிப்பெட்டையும் ஒரு சாண் படியவைத்து, இரண்டையும் ஒரே நரம்பாகப் பாவித்து ஒரு வளையம் செய்யுங்கள். டிப்பெட்டின் முழு நீளத்தையும் லீடரின் நுனியையும் சேர்த்து வளையத்துக்குள் இரண்டு முறை விட்டு எடுங்கள். வழுவழுப்பான நரம்பானால் மூன்று முறை. நனைத்து, நான்கு முனையையும் சேர்த்து இழுங்கள். ஒன்றை விட்டுவிட்டு மூன்றை மட்டும் இழுத்தால் முடிச்சு கோணிக்கொள்ளும்.

டிப்பெட் சுருளில் 3எக்ஸ், 5எக்ஸ் என்று அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். எண் கூடக் கூட நரம்பு மெலியும்.

ஃப்ளையைக் கட்டுவது

கெண்டைக்கும் ஜிலேபிக்கும் சின்ன ஃப்ளை கட்ட இம்ப்ரூவ்டு கிளிஞ்ச் போதும். காதுக்குள் நுனியை விட்டு, தாய் நரம்பைச் சுற்றி ஐந்தாறு சுற்று. நுனியைத் திருப்பி, காதை ஒட்டியிருக்கும் சின்ன இடைவெளிக்குள் விடுங்கள். அதனால் உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை விடுங்கள். நனைத்து, தாய் நரம்பை இழுத்து இறுக்குங்கள். 0.40-க்கு மேல் இந்த முடிச்சு ஒழுங்காக உட்காராது; அங்கே இதை நம்ப வேண்டாம்.

பாலோமர் இன்னும் எளிது, பலமும் அதிகம். நரம்பை மடித்து, மடிப்பைக் காதுக்குள் விட்டு, இரட்டை நரம்பால் ஒரு தளர்வான ஒற்றை முடிச்சு போட்டு, மடிப்பு வளையத்துக்குள் முழு ஃப்ளையையும் நுழைத்து வெளியே எடுத்து, நனைத்து இறுக்க வேண்டும். பின்னல் நூலுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு முறையும் டிப்பெட் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பெரிய ஃப்ளையை வளையத்துக்குள் நுழைப்பதும் சிரமம்.

விராலுக்கும் கொடுவாவுக்கும் நான் சொல்வது நான்-ஸ்லிப் லூப். காதை இறுக்கிப் பிடிக்காமல் ஒரு சின்ன வளையத்தில் ஃப்ளை தொங்குவதால், தடித்த விறைப்பான நரம்பிலும் ஃப்ளை சுதந்திரமாக ஆடும். தவளை மாதிரி, குஞ்சு மீன் மாதிரி கட்டிய பெரிய ஃப்ளைக்கு அந்த ஆட்டம்தான் உயிர்.

நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இறுக்காத ஒற்றை முடிச்சு ஒன்று போடுங்கள். நுனியைக் காதுக்குள் விட்டுத் திருப்பி, அந்த ஒற்றை முடிச்சின் வளையத்துக்குள், நரம்பு அதிலிருந்து வெளியே வந்த அதே பக்கமாக நுழையுங்கள். ஒற்றை முடிச்சைக் காதுப் பக்கம் நகர்த்தினால் வளையத்தின் அளவு சிறிதாகும். அரை விரற்கடை போதும். இப்போது நுனியால் தாய் நரம்பைச் சுற்றுங்கள்: மெல்லிய 0.20-க்கு ஏழு சுற்று, 0.30-க்கு ஐந்து, 0.40-க்கு நான்கு, 0.60-க்கு மேல் மூன்று. நுனியை மறுபடி ஒற்றை முடிச்சுக்குள், முன்பு அதிலிருந்து வெளியே வந்த அதே பக்கமாகவே விடுங்கள். நனைத்து, முதலில் நுனியை இழுத்துச் சுற்றுகளைச் சேர்த்து, பிறகு ஃப்ளையின் வளையத்தையும் தாய் நரம்பையும் எதிரெதிராக இழுத்து இறுக்குங்கள்.

கொடுவாவுக்கு இன்னொரு பாதுகாப்பு தேவை. அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி. தலையை உலுக்கும்போது மெல்லிய டிப்பெட் அதில் பட்டால் முடிந்தது. அதனால் ஃப்ளைக்கு முன்னால் இரண்டு சாண் நீளத்துக்கு 0.60-லிருந்து 0.80 வரையிலான தடித்த துண்டை வையுங்கள். அதை டிப்பெட்டோடு சேர்க்க, மேலே பார்த்த அதே ஆல்பிரைட். தடித்ததை மடித்துக் கொண்டையாக்கி, மெல்லியதால் சுற்ற வேண்டும். வாய் நிறையப் பொடிப்பல் வைத்திருக்கும் வாளை கிடைக்கும் ஆற்றிலும் இந்தத் துண்டு உதவும்.

கரையில்

டெல்டாவில் பெரும்பாலான குளங்களும் ஏரிகளும் மீன் குத்தகையில் இருக்கும். குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மீனைத் திரும்ப விடுவதாக இருந்தாலும் கேட்க வேண்டும். அணைக்கட்டுகளிலும் ஷட்டர்களின் அருகிலும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். தண்ணீர் திடீரென்று கூடும். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு, அங்கே தண்ணீரில் இறங்கி நின்று எறியாதீர்கள்.

செம்மஞ்சள் நிறத்தில் விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு விடுவதைப் பார்த்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் எந்த ஃப்ளையைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். போடாதீர்கள். பெற்றவை போய்விட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை, அடுத்த வருடம் அந்தக் குளத்தில் விரால் குறையும்.

ஒவ்வொரு மீனுக்கும் பிறகு கடைசி இரண்டு சாண் நரம்பை விரல்களுக்கிடையே விட்டு உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் வெட்டிவிட்டு ஃப்ளையை மறுபடி கட்டுங்கள். எறியும்போது காற்றில் தானாக விழும் ஒற்றை முடிச்சையும் இப்போதே தேடுங்கள். இறுகுவதற்கு முன் என்றால் முள்முனையால் நெம்பி அவிழ்க்கலாம், இறுகிவிட்டால் வெட்ட வேண்டியதுதான். வெட்டிய துண்டுகளை ஒரு மூடி போட்ட சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தங்கூசி மக்காது. வயலில் கிடந்தால் கொக்கு, நாரையின் காலில் சுற்றிக்கொள்ளும், மேயும் மாட்டின் வாய்க்கும் போகும். டப்பா நிறைந்ததும் துண்டுகளைப் பொடியாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள், எரிக்க வேண்டாம்.